ஸ்காபரோவா, ரொறன்ரோவா? ஒரே கதவிலக்கத்துக்குப் பல ஊர்ப்பெயர்கள்: ஓர் உள்ளூர்த் தேடல் ஆய்வு

ஷெப்பர்ட் அவெனியூ கிழக்கும் மக்கோவன் வீதியும் சந்திக்கும் இடத்துக்கு அருகே ஒரு பல் மருத்துவ நிலையம் இருப்பதாக எடுத்துக்கொள்வோம். மாநகரசபையின் கணக்கில் அது இருக்கும் ஊர் ரொறன்ரோ. கனடா போஸ்ற்றின் முகவரித் தேடலில் அதே கதவிலக்கத்தை இட்டால் வரும் ஊர் ஸ்காபரோ. அயலில் பல காலம் இருப்பவர்கள் அஜின்கோர்ட் என்பார்கள். பேருந்தில் வருகிறவர் "மக்கோவனும் ஷெப்பர்ட்டும்" என்று சந்தியைத்தான் சொல்வார். விளம்பரம் எழுதுகிறவர் "ஜிரிஏ (பெரும் ரொறன்ரோப் பகுதி) முழுவதற்கும்" என்று போட்டுவிட்டுப் போயிருப்பார். இவற்றில் எதுவும் பிழையான பெயர் இல்லை. கடைக்காரர் எந்தப் பெயரை எந்த இடத்தில் எழுத வேண்டும் என்பதே இந்த ஆய்வின் கேள்வி.

விடையின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். முகவரியில் எழுதும் ஊர்ப்பெயரை மாற்றினால் கூகிள் வரைபடத்தில் கடையைக் காட்டும் புள்ளி நகராது. இது புரியாமல்தான் பெரும்பாலான கடைகள் பல மாதங்களை வீணாக்குகின்றன.

பெயர்கள் வந்த வழி

1998 ஜனவரி 1 அன்று பழைய ரொறன்ரோ, ஸ்காபரோ, நோர்த் யோர்க், எற்றோபிக்கோ, யோர்க், ஈஸ்ற் யோர்க் ஆகிய ஆறும் ஒரே மாநகரமாக இணைக்கப்பட்டன. அதற்கு முன் ஸ்காபரோ 1983 முதல் தனி நகரமாகவே இருந்தது. இணைப்போடு அதன் நகரசபை போனது, பெயர் போகவில்லை. தபால் முகவரியில் ஸ்காபரோ இன்றும் செல்லும். எம்1 என்று தொடங்கும் தபால் குறியீடுகள் எல்லாம் பழைய ஸ்காபரோவுக்குள் அடங்கும். எம்2, எம்3 பெரும்பாலும் நோர்த் யோர்க். எம்8, எம்9 பெரும்பாலும் எற்றோபிக்கோ.

பழைய பெயருக்கு நடைமுறைப் பயனும் இருக்கிறது. ஆறு ஊர்கள் தனித்தனியே பெயரிட்ட தெருக்கள் ஒரே நகரத்துக்குள் வந்ததால் ஒரே பெயரில் இரண்டு தெருக்கள் உண்டு. நகர மையத்திலும் ஒரு சேர்ச் வீதி, மேற்கே வெஸ்ரனிலும் ஒரு சேர்ச் வீதி. தபால் குறியீடு இல்லாமல் "சேர்ச் வீதி, ரொறன்ரோ" என்று மட்டும் பதிந்த கடையின் புள்ளி தவறான தெருவில் விழக்கூடும்.

இதைவிடச் சிக்கலானது யோர்க். ரொறன்ரோவின் பெயரே 1793 முதல் 1834 வரை யோர்க்தான். அந்த ஒரு வேரிலிருந்து யோர்க், ஈஸ்ற் யோர்க், நோர்த் யோர்க் என்று மூன்று பழைய நகராட்சிகள் வந்தன. ஸ்ரீல்ஸ் அவெனியூவுக்கு வடக்கே மார்க்கம், வோன், றிச்மண்ட் ஹில் அடங்கிய யோர்க் பிராந்தியம் வேறு. யோர்க் பல்கலைக்கழகத்தின் முதன்மை வளாகமோ பழைய நோர்த் யோர்க்கில் இருக்கிறது. "யோர்க்" என்ற தனிச்சொல்லைத் தலைப்பில் வைத்து வாடிக்கையாளரைத் தேடுவது வீண்வேலை. எந்த யோர்க் என்று சொல்லியே ஆக வேண்டும்.

தேடுபொறி பெயரை எப்படி எடுத்துக்கொள்கிறது

உள்ளூர் முடிவுகளை மூன்று அடிப்படைகளில் வரிசைப்படுத்துவதாகக் கூகிளே சொல்கிறது: பொருத்தம், தூரம், பிரபல்யம். ஊர்ப்பெயர் இவற்றுக்குள் இரண்டு விதமாக நுழைகிறது.

ஒருவர் "பல் மருத்துவர் ஸ்காபரோ" என்று இட்டால், கூகிள் அந்தச் சொல்லை ஒரு நிலப்பரப்பாக எடுத்துக்கொண்டு, கடைகளின் புள்ளிகளை அதோடு ஒப்பிடுகிறது. இங்கே வேலை செய்வது கடையின் அகலாங்கும் நெட்டாங்கும். முகவரி வரியில் ரொறன்ரோ என்றிருந்தாலும் புள்ளி ஸ்காபரோவுக்குள் இருந்தால் அந்தக் கடை போட்டியில் இருக்கிறது. ஒரே தெருவில் அடுத்தடுத்த இரண்டு கடைகளில் ஒன்றுக்கு ஸ்காபரோ என்றும் மற்றதற்கு ரொறன்ரோ என்றும் கூகிள் வரைபடம் காட்டுவதை யாரும் பார்க்கலாம்.

ஊர்ப்பெயரே இல்லாமல் "பல் மருத்துவர்" என்று மட்டும் தேடினால் தேடுகிறவரின் கைப்பேசி நிற்கும் இடமே மையம். பெயர் இங்கே பெரிதாக உதவாது.

இப்போது அடிக்கடி நடக்கும் தவறைப் பாருங்கள். "ரொறன்ரோ என்றுதான் அதிகம் பேர் தேடுகிறார்கள், அதனால் முகவரியை ரொறன்ரோ என்று மாற்றுங்கள்" என்று யாரோ ஆலோசனை சொல்வார். மிசிசாகாவில் இருந்துகொண்டு "பல் மருத்துவர் ரொறன்ரோ" என்று தேடுகிறவருக்கு நகர மையத்தை ஒட்டிய கடைகளே முன்னால் வர வாய்ப்பு அதிகம். ஷெப்பர்ட் - மக்கோவன் சந்தியிலிருந்து மாநகரசபைக் கட்டடம் நேர்கோட்டில் ஏறக்குறைய 18 கிலோமீற்றர். அந்தத் தூரத்தை ஒரு சொல் கடக்காது. மாறாக, கடையைப் பற்றிய கூகிள் பதிவான பிசினஸ் புரொபைலில் முகவரியைத் திருத்தியதால் மீண்டும் உறுதிப்படுத்தச் சொல்லிக் கூகிள் கேட்கலாம். அது முடியும்வரை மற்றத் திருத்தங்களும் தேங்கி நிற்கும்.

எந்தப் பெயர் எங்கே

எடுத்துக்கொண்ட மருத்துவ நிலையத்தையே வைத்துப் படிப்படியாகச் செய்வோம்.

முதலில் கனடா போஸ்ற்றின் தேடலில் முகவரியை இட்டு, அது திருப்பித் தரும் வடிவத்தை அப்படியே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: கதவிலக்கம், தெரு, திசை, அலகு எண், ஊர், மாகாணம், குறியீடு. இனி இதுவே மூலப்படி. திசையை விடவே கூடாது. ஷெப்பர்ட் அவெனியூ யங் வீதியில் கிழக்கு, மேற்கு என்று பிரிகிறது. இரு பக்கமும் இலக்கங்கள் யங் வீதியிலிருந்தே ஏறுகின்றன. "கிழக்கு" விடுபட்டால் அதே இலக்கம் நோர்த் யோர்க்கின் மேற்குப் பக்கத்தில் போய் நிற்கலாம். பின்ச், லோறன்ஸ், எக்ளின்ரன், ஸ்ரீல்ஸ் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். எங்கள் கணிப்பில், ஸ்காபரோவா ரொறன்ரோவா என்ற விவாதத்தைவிட இந்த ஒரு சொல் விடுபடுவதே அதிகக் கேடு செய்கிறது.

தபால் குறியீட்டில் டி, எஃப், ஐ, ஓ, கியூ, யூ என்ற ஆங்கில எழுத்துகள் எப்போதும் வராது. குறியீட்டில் ஓ தெரிந்தால் அது தட்டச்சுப் பிழை. பூச்சியமாக இருக்க வேண்டும்.

அடுத்தது கூகிள் பிசினஸ் புரொபைல். பெயர் கட்டத்தில் கடையின் பலகையில் உள்ள பெயர் மட்டுமே. பலகையில் ஸ்காபரோ இல்லையென்றால் இங்கேயும் கூடாது. போட்டிக்கடை சேர்த்திருக்கிறது, முன்னாலும் நிற்கிறது என்பது உண்மையாக இருக்கலாம். ஆனாலும் அது விதிமீறல், முறைப்பாடு வந்தால் புரொபைல் இடைநிறுத்தப்படலாம். முகவரி வரிகளில் மூலப்படி. "அஜின்கோர்ட் பகுதியில்", "மக்கோவன் சந்தி" போன்றவை முகவரி வரிக்கு உரியவை அல்ல. அவற்றை 750 எழுத்துகள்வரை இடம் தரும் விவரிப்பில் எழுதுங்கள். கூகிள் தானாக ஸ்காபரோவை ரொறன்ரோ ஆக்கினால் திரும்பத் திரும்ப மாற்றிச் சண்டை போட வேண்டாம். புள்ளி சரியான வாசலில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நீண்ட பிளாசாக்களில் புள்ளி பின்பக்க வாகனத் தரிப்பிடத்தில் விழுவது வழமை.

குழாய் திருத்துநர், மின்வேலை செய்பவர் போல வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகிறவர்கள் சேவைப் பகுதி என்ற கட்டத்தில் 20 இடங்கள்வரை சேர்க்கலாம். பலர் ஒஷாவா முதல் ஹமில்ரன் வரை அடுக்கிவிட்டு, எல்லா ஊரிலும் முன்னால் வருவோம் என்று காத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியல் வாடிக்கையாளருக்கான தகவல். அதை நீட்டுவதால் தரவரிசை அந்த ஊர்களுக்கு நீளாது.

மூன்றாவது, சொந்த இணையத்தளம். எல்லாப் பெயர்களுக்கும் நியாயமான இடம் இங்கேதான் உண்டு. பக்கத்தின் தலைப்பில் தொழில், ஸ்காபரோ, சந்தி. முதல் பத்தியில் ஒரு வாக்கியம் போதும்: "ரொறன்ரோவின் கிழக்கே ஸ்காபரோவில், அஜின்கோர்ட் பகுதியில், ஷெப்பர்ட் - மக்கோவன் சந்தியருகே இருக்கிறோம்." நான்கு பெயர்களும் வந்துவிட்டன, நான்கும் உண்மை. வழி சொல்லும் பத்தியில் மாநகரப் போக்குவரத்துச் சேவையான ரிரிசியின் 85 ஷெப்பர்ட் கிழக்கு, 129 மக்கோவன் வடக்குப் பேருந்துகள், 401 நெடுஞ்சாலையின் மக்கோவன் வெளியேற்றம், தரிப்பிடத்துக்கு எந்தத் தெருவால் நுழைவது என்பவற்றை எழுதுங்கள். இந்த நகரத்தவர்கள் சந்திகளையே ஊர்ப்பெயர்போலப் பேசுகிறார்கள். மாநகரசபை வகுத்த 158 அயல்களின் பெயர்களில் பல, "அஜின்கோர்ட் தெற்கு - மல்வேர்ன் மேற்கு" என்பதைப் போல, யார் வாயிலும் வராதவை.

ஸ்கீமா குறியீட்டில் (தேடுபொறி படிப்பதற்காகப் பக்கத்தின் நிரலில் இடும் தகவலில்) ஊருக்கான புலத்தில் ஒரே ஒரு பெயர், புரொபைலில் இருப்பது. மற்றப் பெயர்கள் சேவைப் பகுதிக்கான புலத்தில். அகலாங்கு, நெட்டாங்கு குறைந்தது ஐந்து தசம இடங்களுக்கு. நாடு, மாகாணம் இரண்டையும் தனித்தனிப் புலங்களில் சரியாக இடுங்கள். கனடாவின் ஈரெழுத்துக் குறி சிஏ, கலிபோர்னியாவின் குறியும் அதுவே. சில வணிகக் கையேடுகள் மாகாணத்தை முழுப்பெயராகவும் நாட்டைக் குறியாகவும் சேர்த்து "ஒன்ராறியோ, சிஏ" என்று வெளியிடுகின்றன. கலிபோர்னியாவில் ஒன்ராறியோ என்றே ஒரு நகரம் இருக்கிறது. ஊர்ப்பெயரும் தபால் குறியீடும் விடுபட்ட பதிவு அங்கே போய்ச் சேர்ந்தால் வியப்பில்லை.

செய்யக்கூடாததில் முதலாவது, அஜின்கோர்ட்டுக்கு ஒன்று, மல்வேர்னுக்கு ஒன்று, வோபர்னுக்கு ஒன்று என்று ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி இருபத்தைந்து பக்கங்கள் போடுவது. கூகிளின் குப்பைத்தடுப்பு விதிகள் இதை வாசல் பக்கங்கள் என்று பெயர் சொல்லியே தடுக்கின்றன. உண்மையில் கிளை உள்ள இடத்துக்கு ஒரு பக்கம். கிளை இல்லையென்றால், அந்த ஊரில் செய்த வேலைகளின் படங்கள், அங்குள்ள வீடுகளின் வயது, குழாய் வகை என்று சொல்வதற்கு ஏதாவது இருந்தால் மட்டும் ஒரு பக்கம்.

எல்லைக்கோட்டுத் தொல்லைகள்

ஸ்காபரோவை ஒட்டி ஓடும் ஸ்ரீல்ஸ் அவெனியூவின் தெற்குப் பக்கம் ரொறன்ரோ, வடக்குப் பக்கம் மார்க்கம். தெற்கில் எம்1 குறியீடு, வடக்கில் எல்3. பசிபிக் மோல் வடக்குப் பக்கத்தில் இருப்பதால் மார்க்கம் முகவரி. மிலிக்கன் என்ற அயற்பெயரோ இரண்டு பக்கமும் பரவிக் கிடக்கிறது. வடக்குப் பக்கக் கடை ஒன்றுக்கு வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் ஸ்காபரோவிலிருந்து வரலாம். அதற்காக முகவரியில் ஸ்காபரோ என்று எழுதினால் தபால் குறியீட்டோடு முரண்படும். அந்த முரண்பாட்டிலிருந்து இன்னொரு புரொபைல் தானாகப் பிறக்கலாம். ஒரே தொலைபேசி எண்ணோடு இரண்டு புரொபைல்கள் ஆனதும் விமர்சனங்கள் இரண்டாகப் பிரியும். சரியான வழி, இணையத்தளத்தில் "ஸ்ரீல்ஸும் கென்னடியும், ஸ்காபரோ - மார்க்கம் எல்லையில்" என்று எழுதுவது.

மார்க்கம் வீதியின் கதை இன்னும் கூர்மையானது. அது ஸ்காபரோவின் நடுவே ஓடி வடக்கே மார்க்கம் நகரத்துக்குள் போகிறது. "மார்க்கம் வீதி உணவகம்" என்று தேடுகிறவர் எல்லிஸ்மியர் பக்கம் ஓர் இடத்தை நினைத்திருக்கலாம், முடிவுகள் மார்க்கம் நகரத்துக்குத் தாவலாம். இந்த வீதியில் கடை வைத்திருப்பவர்கள் குறுக்கு வீதியின் பெயரைச் சேர்க்காமல் எங்கும் எழுதக்கூடாது.

தோர்ன்ஹில் நகராட்சியே அல்ல. யங் வீதிக்குக் கிழக்கே மார்க்கம், மேற்கே வோன். ஆனாலும் தபாலுக்கு தோர்ன்ஹில் செல்லும், மக்களும் அதையே சொல்கிறார்கள். வோனுக்குள் வுட்பிரிட்ஜ், மேப்பிள், கொன்கோர்ட் மூன்றும் அப்படியே. இந்த இடங்களில் வோன் என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குவது வாடிக்கையாளரின் வாய்மொழியைக் கேட்காததன் அடையாளம்.

மற்ற நகரங்களில்

ஹமில்ரனில் 2001 இணைப்புக்குப் பின் பழைய ஊர்ப்பெயர் தவிர்க்கவே முடியாதது. கிங் வீதி மேற்கு ஹமில்ரனிலும் உண்டு, டண்டாசிலும் உண்டு. டண்டாசில் இருப்பவர் "ஹமில்ரன்" என்று மட்டும் பதிந்தால் வாடிக்கையாளர் வேறு கிங் வீதியில் நிற்பார். இங்கே டண்டாஸ் என்பதே முகவரியில் இருக்க வேண்டும். அதேசமயம் ரொறன்ரோவிலும் மிசிசாகாவிலும் டண்டாஸ் என்ற பெருந்தெரு ஓடுவதால், இணையத்தளத்தில் டண்டாஸைத் தனியே விடாமல் ஹமில்ரனோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மொன்றியலில் சென்-லோரான் என்பது வடமேற்கில் ஒரு நகரப்பிரிவு. அதே பெயரில் உள்ள பெருந்தெருவோ வேறொரு பக்கத்தில், நகரத்தின் கிழக்கு மேற்கு இலக்கங்களைப் பிரிக்கும் கோடாக ஓடுகிறது. நகரப்பிரிவில் உள்ளவர்களைப் பழைய வழக்கப்படி "வில் சென்-லோரான்" என்று தேடுகிறவர்கள் உண்டு. அந்த வடிவம் பக்கத்தில் ஒருமுறையாவது இருப்பது தெளிவு தரும். பார்க் எக்ஸ்ரென்ஷனுக்கு ஆங்கில, பிரெஞ்சு வடிவங்களும் "பார்க் எக்ஸ்" என்ற சுருக்கமும் புழங்குகின்றன. பிரெஞ்சுப் பக்கத்தில் பிரெஞ்சு வடிவம், ஆங்கிலப் பக்கத்தில் ஆங்கில வடிவம் என்று பிரித்து எழுதினால் போதும்.

வன்கூவரில் நிலைமை தலைகீழ். நோர்த் வன்கூவர் என்ற ஒரே பெயரில் நகரம் ஒன்று, மாவட்டம் ஒன்று என இரு நகராட்சிகள். லாங்லியும் அவ்வாறே. தேடுகிறவருக்கு இந்த வேறுபாடு பொருட்டல்ல, அனுமதிப்பத்திரம் எடுக்கும் ஒப்பந்தக்காரருக்குப் பொருட்டு. நியூ பிரன்ஸ்விக்கின் செயின்ற் ஜோனும் நியூபவுண்ட்லாந்தின் செயின்ற் ஜோன்ஸும் குழம்பாமல் இருக்க, முன்னதில் செயின்ற் என்பதை எப்போதும் சுருக்காமல் எழுதுவதே முறை. மாகாணக் குறியையும் விடக்கூடாது.

தமிழ் எழுத்தில் தேடும்போது

தமிழர்கள் செறிந்து வாழும் ஸ்காபரோவில் இன்னொரு அடுக்கு இருக்கிறது. ஈழத்து வழக்கில் ரொறன்ரோ, ரொரன்ரோ. தமிழ்நாட்டு வழக்கில் டொராண்டோ, டொரொன்டோ. ஸ்காபரோ, ஸ்காபுரோ, ஸ்கார்பரோ மூன்றும் புழங்குகின்றன. மொன்றியல், மாண்ட்ரியல், ஒன்ராறியோ, ஒன்டாரியோ. ஆங்கில எழுத்துப்பிழைகளைத் திருத்திக்கொள்வதுபோல இவற்றையும் தேடுபொறி ஒன்றாக்கிவிடும் என்று நம்பி இருந்துவிட வேண்டாம். ஒவ்வொரு வடிவத்தையும் இட்டுப் பார்த்து, முடிவுகள் வேறுபட்டால் குறித்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் பக்கத்தில் உங்கள் வாடிக்கையாளரின் வழக்கை முதன்மையாக வைத்து, மற்ற வடிவத்தைக் கேள்வி-பதில் பகுதியில் இயல்பாக ஒருமுறை கொண்டுவாருங்கள். அடிக்குறிப்பில் எட்டு எழுத்துக்கூட்டல்களையும் அடுக்குவது வாசகரை அவமதிப்பது.

பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய விளம்பரத்தை அப்படியே இணையத்தில் ஒட்டினால், தேடுபொறி காண்பது பொருளற்ற ஆங்கில எழுத்துகள். முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். மாற்றிய பிறகும் ஒரு பொறி உண்டு: "ரோ" என்பதன் ஓகாரக் குறியை ஒற்றைக் குறியாகவும் சேமிக்கலாம், இரட்டைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். விரிதாளில் ஸ்காபரோவைத் தேடினால் பாதி வரிகள் அகப்படாமல் போகலாம். கணக்கெடுக்கும் முன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள்.

அளப்பது

எதையும் மாற்றும் முன் நான்கு வாரக் கணக்கை எடுத்து வையுங்கள். மூன்று சேவைச் சொற்கள், ஆறு இடப்பெயர்கள்: பதினெட்டுத் தேடல்கள். இவற்றோடு ஊர்ப்பெயர் இல்லாத மூன்று. கடையை நடுவில் வைத்து ஒரு கிலோமீற்றர் இடைவெளியில் ஏழுக்கு ஏழு கட்டம் போட்டு, 49 புள்ளிகளில் நிலையைப் பாருங்கள். கடையின் வாசலில் நின்று கைப்பேசியில் பார்ப்பது அளவீடு ஆகாது, அங்கே எல்லாக் கடையும் முதலாவதுதான்.

உங்கள் தளம் எந்தத் தேடல்களில் தோன்றியது என்று காட்டும் கூகிளின் சேர்ச் கொன்சோலில், தேடல் சொற்களுக்கான வடிகட்டியில் எல்லா எழுத்துக்கூட்டல்களையும் செங்குத்துக் கோட்டால் பிரித்து ஒரே வரியில் இடலாம். ஆங்கிலத்தில் ஸ்காபரோவைக் கடைசி மூன்று எழுத்தில்லாமல் எழுதும் பழைய வடிவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இன்றும் சில நிறுவனப் பெயர்களில் அது இருக்கிறது. கூகிள் விளம்பரத்தில் ஊர்ப்பெயரை நம்பாமல் தபால் குறியீட்டின் முதல் மூன்று எழுத்துகளைக் கொண்டு இலக்கு வையுங்கள். "இடத்தில் இருப்பவர்கள்" என்ற தெரிவை எடுங்கள். இயல்பாக வரும் தெரிவு இடத்தில் ஆர்வம் உள்ளவர்களையும் சேர்ப்பதால், காசு வெளியூருக்குப் போகும். இங்கிலாந்தின் யோர்க்ஷையரிலும் அமெரிக்காவின் மெயினிலும் ஸ்காபரோக்கள் உண்டு. அவற்றின் மாநில, நாட்டுப் பெயர்களை விலக்குச் சொற்களில் போடுங்கள்.

ஒருமுறைக்கு ஒரு மாற்றம், இடையில் மூன்று நான்கு வாரம். முதலில் திசையும் தபால் குறியீடும், பிறகு இரட்டைப் புரொபைல்களை இணைத்தல், அதன் பிறகு இணையப்பக்கத்தின் சொற்கள். வெளிக்கையேடுகளில் ஓரிடத்தில் ரொறன்ரோவும் ஓரிடத்தில் ஸ்காபரோவும் இருப்பதைத் திருத்துவது கடைசி வேலை. கதவிலக்கமும் குறியீடும் ஒத்திருந்தால் அது பெரிய கேடு செய்யாது. பழைய தொலைபேசி எண்ணும் பிழையான அலகு எண்ணும்தான் அங்கே முதலில் தேட வேண்டியவை.

அந்த மருத்துவ நிலையம் நாளைக்கு ஸ்ரீல்ஸின் வடக்குப் பக்கத்துக்கு இடம் மாறினால் நிலைமை வேறு. அப்போது நகராட்சி, தபால் குறியீடு, புள்ளி மூன்றும் உண்மையாகவே மாறுகின்றன. 416 என்று தொடங்கும் ரொறன்ரோத் தொலைபேசி எண்ணைக் கைவிடத் தேவையில்லை, பழைய வாடிக்கையாளர் அதில்தான் அழைப்பார். இருக்கும் புரொபைலிலேயே முகவரியைத் திருத்துங்கள், புதிதாக ஒன்று திறக்க வேண்டாம். வாசல், பலகை, உள்ளிருக்கும் கருவிகள் மூன்றையும் ஒரே தொடர்ச்சியாகக் காட்டும் காணொளியை உறுதிப்படுத்தலுக்குத் தயாராக வைத்திருங்கள். பழைய பக்கத்தின் இணைப்பைப் புதிய பக்கத்துக்கு நிரந்தரமாகத் திருப்பிவிட்டு, "முன்பு ஷெப்பர்ட் - மக்கோவனில்" என்ற ஒரு வரியை அதில் விட்டுவையுங்கள். பழைய சந்தியின் பெயரால் தேடுகிறவர்கள் இன்னும் சில காலம் வருவார்கள்.